விளையாட்டுப் பயிற்சிக்கு உங்கள் கம்ப்யூட்டர்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அதில் கடிதம் டைப் செய்கிறார்கள், படம் பார்க்கிறார்கள். வீட்டில் விளையாடும் பிள்ளை இருந்தால் இன்னொரு வேலையும் அதனிடம் வாங்கலாம். என் மகள் பேட்மின்டன் பழகுகிறாள். அவளுடைய சர்வீஸைத் திருத்த, வீட்டுக் கம்ப்யூட்டரைத்தான் பயன்படுத்தி வருகிறேன். அந்த வழியை இங்கே தருகிறேன்.

முதலில் ஒரு சிறு விளக்கம். கம்ப்யூட்டரில் இன்புட், பிராசசிங், அவுட்புட் என மூன்று நிலைகள் உண்டு அல்லவா? விளையாடுபவருக்கும் அப்படித்தான். கண்ணும் காதும் இன்புட் தருகின்றன, மூளை முடிவெடுக்கிறது, கையும் காலும் அசைவது அவுட்புட். சாதாரண புரோகிராம் செய்த தவறையே திரும்பச் செய்யும். மனிதர் தாம் செய்ததைக் கவனித்து அடுத்த முறை திருத்திக் கொள்வார். இப்படித் திரும்பி வரும் தகவல்தான் பீட்பேக்.

இது இரண்டு வகை. ஷட்டில் எங்கே விழுந்தது என்பது முடிவைப் பற்றிய தகவல். அது ஆடுபவருக்கே தெரியும். அடிக்கும்போது கை எந்த உயரத்தில் இருந்தது என்பது செயலைப் பற்றிய தகவல். அதை அவரால் பார்க்க முடியாது. வீடியோ உதவுவது இங்கேதான்.

பதிவு செய்வது

2018 முதல் சர்வதேசப் போட்டிகளில், சர்வீஸ் அடிக்கும் கணத்தில் ஷட்டில் முழுவதும் தரையிலிருந்து 1.15 மீட்டருக்குக் கீழே இருக்க வேண்டும். மொபைல் போனை அதே உயரத்தில், ஆடுபவருக்குப் பக்கவாட்டில் ஸ்டாண்டில் பொருத்துங்கள். 1.15 மீட்டரில் டேப் ஒட்டிய குச்சி ஒன்றை அவர் அருகில் நிறுத்துங்கள். போனில் ஸ்லோ மோஷன் வசதி இருந்தால் அதில் எடுங்கள். பின் யுஎஸ்பி கேபிள் மூலம் பைலைக் கம்ப்யூட்டருக்குக் காப்பி செய்திடுங்கள்.

பார்ப்பது

இலவசமாகக் கிடைக்கும் விஎல்சி பிளேயரில் பைலைத் திறக்கவும். ஈ கீயை ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் ஒரு பிரேம் நகரும். ஷட்டில் ராக்கெட்டைத் தொடும் பிரேமில் நிறுத்தி, டேப்புக்கு மேலா கீழா என்று பாருங்கள். கோடு வரையவும் கோணம் அளக்கவும் வேண்டுமானால், விண்டோஸில் இயங்கும் கினோவியா என்ற இலவச சாப்ட்வேரை இன்ஸ்டால் செய்யலாம். இரண்டு வீடியோக்களை அருகருகே வைத்து ஒப்பிடும் வசதியும் அதில் உண்டு.

எவ்வளவு சொல்வது?

இனிதான் முக்கியமான செய்தி. கருவி கையில் இருக்கிறதே என்று ஒவ்வொரு அடிக்கும் திருத்தம் சொல்லாதீர்கள். 1990ல் கரோலின் வின்ஸ்டீன், ரிச்சர்ட் ஷ்மிட் என்ற ஆய்வாளர்கள், லீவரைக் குறிப்பிட்ட விதத்தில் அசைக்கும் பயிற்சியைச் சிலருக்குத் தந்தனர். ஒரு பிரிவினருக்கு ஒவ்வொரு முறையும் பீட்பேக். மற்றவர்களுக்குச் சராசரியாகப் பாதி முறை மட்டுமே. அடுத்த நாள் பீட்பேக் இல்லாமல் சோதித்தபோது, குறைவாகப் பெற்றவர்களே சிறப்பாகச் செய்தனர். எப்போதும் யாராவது சொல்லிக் கொண்டிருந்தால், தன் தவறைத் தானே கண்டுபிடிக்கும் பழக்கம் வளர்வதில்லை.

ஆனால் சிறு பிள்ளைகளுக்கும் புதிதாகப் பழகுபவர்களுக்கும் தொடக்கத்தில் அதிக உதவி தேவை. அதைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். நான் இப்போது பத்து சர்வீஸ்களுக்கு ஒருமுறைதான் வீடியோ காட்டுகிறேன். காட்டும் முன், "எது சரியில்லைன்னு நீயே சொல்லும்மா" என்று கேட்பேன். அவள் சொன்ன பிறகே பிளே பட்டன். திருத்தமும் ஒன்றே ஒன்றுதான்.

போட்டியில் சர்வீஸ் போட நிற்கும்போது அவளுக்கு வீடியோவும் கிடையாது, அப்பாவின் குரலும் கிடையாது. அந்த நேரத்துக்கு அவளைத் தயார் செய்வதுதானே பயிற்சி?

கடைசியாக ஒரு டிப்ஸ். ஸ்லோ மோஷன் பைல்கள் ஹார்ட் டிஸ்க்கை விரைவில் நிரப்பிவிடும். மாதம் ஒரு பைலை மட்டும் தேதியைப் பெயராகக் கொடுத்து வைத்துக்கொண்டு, மற்றவற்றை அழித்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்து முதல் பைலையும் கடைசி பைலையும் அருகருகே ஓடவிட்டுக் காட்டுங்கள். எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பது பிள்ளைக்கே தெரியும்.