ஒரு கட்டளைக்கு ஒரு வேலை போதும்

மென்பொருளில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து காக்க இன்று உலகில் அதிகம் பயன்படும் கருவி கிட். லினக்ஸ் கெர்னல் பணிக்காக 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கியது. அதன் வேகத்தையும் பதிவின் உறுதியையும் குறை சொல்ல இடமில்லை. ஆனால் டெர்மினலில் தட்டும் அதன் கட்டளைகளில் ஒழுங்கு குறைவு. கற்பவர்கள் தடுமாற அதுவே பெரிய காரணம். 'கிட் செக்அவுட்' என்ற கட்டளையையே பாருங்கள். பின்னால் ஒரு கிளையின், அதாவது வேலையின் தனித் தடத்தின், பெயரைத் தந்தால் அந்தக் கிளைக்கு மாறும். வேலை அழிந்துபோகும் என்றால் மாற மறுத்து எச்சரிக்கும். அதே கட்டளைக்குப் பின்னால் ஒரு கோப்பின் பெயரைத் தந்தால், கோப்பில் செய்த மாற்றங்களை ஒரு வார்த்தை கேட்காமல் துடைத்துவிட்டுப் பழைய வடிவத்தை வைக்கும். அப்படிப் போனது 'கமிட்' எனப்படும் எந்தப் பதிவிலும் இராது. கிட்டால் மீட்டுத் தரவும் முடியாது. முதல் பயன்பாட்டில் பிறந்த நம்பிக்கையே இரண்டாவதில் ஆளைக் கவிழ்க்கிறது. கமிட்டுக்கு முன் மாற்றங்களைத் திரட்டும் இடத்தின் பெயரிலும் இதே ஒழுங்கின்மைதான். ஓரிடத்தில் அது 'இண்டெக்ஸ்', வேறிடத்தில் 'கேச்டு', இன்னோரிடத்தில் 'ஸ்டேஜ்டு'. 'டிஃப்' கட்டளையில் பின்னிரண்டும் ஒன்றே. 'அப்ளை' கட்டளையிலோ 'கேச்டு' அந்த இடத்தை மட்டும் தொடும், 'இண்டெக்ஸ்' கோப்பையும் சேர்த்து மாற்றும்.

விஷயமே கடினம், கட்டளையைத் திருத்தி என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. கிளை, இணைப்பு, வரலாறு ஆகியவை எளிய கருத்துகள் அல்ல என்பது சரிதான். ஆனால் கிட் பிறந்த அதே மாதத்தில் ஒலிவியா மேக்கால் தொடங்கிய மெர்க்கூரியல் என்ற கருவியும் அதே சிக்கலைத்தான் கையாள்கிறது. அதில் கிளை மாற 'அப்டேட்', கோப்பை மீட்க 'ரிவர்ட்' என இரண்டு வேலைக்கு இரண்டு கட்டளைகள். ரிவர்ட் செய்யும்போது உங்கள் மாற்றங்களின் நகலொன்றையும் ஓரமாக வைத்துவிடுகிறது. எம்.ஐ.டி.யின் பெரெஸ் டி ரோஸோவும் டேனியல் ஜாக்சனும் 2013-இல் கிட்டின் கருத்தமைப்பை ஆராய்ந்து, குழப்பத்தின் வேர் வடிவமைப்பிலேயே இருக்கிறது என்று காட்டினார்கள். கிட்லெஸ் என்ற மாற்றுக் கருவியையும் செய்தார்கள்.

கட்டளையை மாற்றினால் அதை நம்பி ஓடும் எண்ணற்ற ஸ்கிரிப்டுகள் உடைந்துவிடும் என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். அதற்கான விடையை கிட் குழுவே தந்துவிட்டது. 2019 ஆகஸ்டில் வந்த 2.23 பதிப்பு, கிளை மாற 'ஸ்விட்ச்', கோப்பை மீட்க 'ரெஸ்டோர்' என்ற இரண்டைச் சேர்த்தது. பழைய செக்அவுட்டும் அப்படியே இருக்கிறது. யாருடைய ஸ்கிரிப்டும் நிற்கவில்லை. ரெஸ்டோரும் கேட்காமல்தான் அழிக்கிறது என்பது பெரிய குறையே. ஆனாலும் ஸ்விட்சைப் பயன்படுத்தினால், கிளை மாற நினைத்தவர் கை தவறிக் கோப்பை இழக்கும் வழி அடைபட்டுவிடுகிறது.

கற்றுக்கொடுப்பவர்கள் முதல் பாடத்திலேயே ஸ்விட்சையும் ரெஸ்டோரையும் சொல்லித் தர வேண்டும். கருவி செய்பவர்கள், பயனரின் வேலையை அழிக்கும் எந்தக் கட்டளையும் அதற்கு முன் ஒரு நகலை எடுத்து வைக்கும்படி செய்ய வேண்டும்.