அழற்சியும் வெள்ளை அணுக்களின் எழுச்சியும்

காலில் முள் தைத்த இடம் மறுநாள் சிவந்து, வீங்கி, சூடேறி வலிக்கிறது. அழற்சியின் இந்நான்கு குறிகளையும் முதல் நூற்றாண்டிலேயே ரோமானிய நூலாசிரியர் செல்சஸ் எழுதி வைத்தார். அக்குறிகளுக்குப் பின்னால் வெள்ளை அணுக்களை ஏவுவது எது என்பது 1960-களுக்குப் பின்னரே புலப்படத் தொடங்கியது. 1966ஆம் ஆண்டு மெல்போர்ன் நகரில் பிராட்லி, மெட்காஃப் ஆகிய இருவரும் எலும்பு மஜ்ஜை உயிரணுக்களை அகார் கூழில் வளர்த்தனர். பிற உயிரணுக்கள் சுரக்கும் ஏதோ ஒரு பொருள் உடனிருந்தால்தான் அவை பெருகித் திரள்களாயின. இஸ்ரேலில் சாக்ஸ் குழுவினரும் ஏறத்தாழ அதே காலத்தில் இவ்வுண்மையைக் கண்டனர். திரள் தூண்டும் காரணிகள் எனப் பெயர் பெற்ற புரதங்கள் இவையே.

கிருமி நுழைந்ததும் திசுவிலுள்ள பெருவிழுங்கணுக்கள் அதனை இனங்கண்டு எச்சரிக்கைப் புரதங்களைச் சுரக்கின்றன. அவற்றால் தூண்டப்பெற்று, இரத்தக் குழாய்ச் சுவரும் இணைப்புத் திசுவும் வளர்ச்சிக் காரணிகளை வெளியிடுகின்றன. இவற்றுள் ஜி-சிஎஸ்எஃப் மஜ்ஜையை எட்டி, நியூட்ரோஃபில் என்னும் வெள்ளை அணுக்களின் உற்பத்தியைப் பெருக்குகிறது. ஜிஎம்-சிஎஸ்எஃப்போ பெரும்பாலும் அழற்சி நிகழும் இடத்திலேயே வேலை செய்கிறது. வெள்ளை அணுவின் மேற்பரப்பிலுள்ள ஏற்பியில் அது பொருந்தியதும், விரைவில் மடியவேண்டிய அணு மேலும் சிறிது காலம் உயிர்வாழ்கிறது. விழுங்கும் திறனும் கூடுகிறது. கிருமியைக் கொல்லும் ஆக்சிஜன் நச்சுகளை அது உடனே கொட்டிவிடுவதில்லை. வில்லில் நாணேற்றி நிற்கும் நிலை அது. கிருமியைச் சந்தித்தபின் அம்பு பன்மடங்கு வேகத்துடன் பாய்கிறது.

இப்படை இல்லாவிடில் நேர்வதைப் புற்றுநோய் மருத்துவமனைகளில் காணலாம். சிகிச்சை மருந்துகளால் நியூட்ரோஃபில்கள் ஒரு கன மில்லிமீட்டருக்கு 500க்கும் கீழே இறங்கியவர்க்குத் தொற்று ஏற்பட்டால் சீழ்கூடக் கட்டாது. பல வேளைகளில் காய்ச்சல் ஒன்றே அறிகுறி. பாக்டீரியாவில் உற்பத்தி செய்யப்படும் ஜி-சிஎஸ்எஃப் ஊசி மருந்து 1991இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. 2001இல் ஐதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனம் அதனை இந்தியாவிலேயே தயாரித்து விற்பனைக்குக் கொணர்ந்தது. உலக சுகாதார நிறுவனம் தன் இன்றியமையா மருந்துப் பட்டியலில் இதனை 2015இல் சேர்த்தது.

ஏவல் ஓயாவிட்டால் காவலே கேடாகிறது. முடக்குவாத நோயாளரின் மூட்டு நீரில் ஜிஎம்-சிஎஸ்எஃப் காணப்படுகிறது. அங்கே குவியும் வெள்ளை அணுக்களின் நொதிகள் குருத்தெலும்பை அரிக்கின்றன. ஆகவே இக்காரணியைத் தடுக்கும் எதிர்ப்புரதங்கள் நோயாளரிடையே சோதிக்கப்பட்டுள்ளன. எனினும் இதனை அறவே அடக்குவதும் எளிதன்று. சிலருடைய உடல் ஜிஎம்-சிஎஸ்எஃப்புக்கு எதிராகத் தானே எதிர்ப்புரதம் உண்டாக்கிக்கொள்கிறது. அவர்களுடைய நுரையீரல் பெருவிழுங்கணுக்கள் செயலிழக்க, நாள்தோறும் அகற்றப்படவேண்டிய கொழுப்பும் புரதமும் காற்றறைகளில் தேங்கி மூச்சை முட்டச் செய்கின்றன.