சரக்கைச் சோதிப்பது யார்?

செட்டியார்பட்டித் தறித்துணியோ இராஜபாளையத்து மாங்கனியோ விமானமேற வேண்டுமாயின், முதலில் பாதுகாப்புச் சோதனையைக் கடக்க வேண்டும். நம் நாட்டில் அச்சோதனையை, மத்திய சர்க்காரின் அங்கீகாரம் பெற்ற தனியார் சரக்குக் கம்பெனிகளும் செய்யலாம். காத்திருப்பு குறையுமாதலால், அழுகும் பொருளை விளைவிப்போருக்கு இது நன்மையே.

ஆயினும், 1985-ல் உடையவர் பயணம் செய்யாமலே ‘கனிஷ்கா’ விமானத்தில் ஏறிய ஒரு பெட்டி 329 உயிர்களைப் பலிகொண்டது. 2010-ல் ஏமனிலிருந்து கூரியர் கம்பெனிகள் வழியே சென்ற அச்சு இயந்திரங்களுக்குள் வெடிமருந்து அகப்பட்டது. விரைவால் லாபமடைவோரே காவலருமானால் கண் சற்று அயரக்கூடும்.

சங்கக் கணக்கை நாமே எழுதுகிறோம். தணிக்கை செய்வோரோ கூட்டுறவுத் தணிக்கைத் துறையினர். அதனால் நமக்கு இழுக்கில்லை, நம்பிக்கையே வளர்கிறது. அங்கும் அம்முறையே வேண்டும். சோதனை கம்பெனியுடையதாகலாம், மேற்பார்வை சர்க்காரின் கையைவிட்டு நீங்கலாகாது என்பதே நம் கருத்து.