தாளுக்கு எத்தனை ஆயுசு?

பனமரத்துப்பட்டி ஏரி, சேலம் நகரத்தின் குடிநீருக்காக 1911-இல் உருவானது. அதற்காக யாருடைய நிலம் எடுக்கப்பட்டது, கரைக்கும் மதகுக்கும் என்ன திட்டம் போட்டார்கள், நகராட்சி பணத்துக்கு என்ன செய்தது என்று உங்களுக்கு அறிய ஆசை. சென்னை எழும்பூரில், தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போகிறீர்கள். 1909-இல் ‘மெட்ராஸ் ரெக்கார்டு ஆபீஸ்’ என்ற பெயரில் இயங்கத் தொடங்கிய சிவப்புக் கட்டடம் அது. ‘பனமரத்துப்பட்டி ஏரி ஃபைலைக் கொடுங்கள்’ என்று கேட்டால் கொடுக்க மாட்டார்கள். ஊர்ப்பெயரில் அங்கே கட்டுகளை அடுக்குவதில்லை.

மதகும் கரையும் பொதுப்பணித் துறைக் காகிதம். நிலமெடுப்பு வருவாய்த் துறைக் காகிதம். நகராட்சியின் வரவு செலவு உள்ளாட்சித் துறைக் காகிதம். ஆக, ஒரே ஏரியை மூன்று வரிசைகளில் தேட வேண்டும். ஒவ்வொன்றும் ஆண்டு வாரியாக, ஆணை எண் வாரியாகப் போகும். எல்லாவற்றையும் பிரித்து ‘ஏரிகள்’, ‘கோயில்கள்’, ‘சாலைகள்’ என்று மறுபடி அடுக்கிவிட்டால் தேடுவது எளிதாகுமே என்று தோன்றும். ஆவணக் காப்பாளர்கள் அதற்குச் சம்மதிக்கவே மாட்டார்கள்.

அவர்கள் காப்பது ‘மூல ஒழுங்கு’: ஒரு காகிதம் எந்த அலுவலகத்தில், எந்த வரிசையில் பிறந்ததோ அதே வரிசையில் அதை இருக்கவிடுவது. இந்தக் கொள்கையின் அடிப்படை 1841-இல் பிரான்சில் வகுக்கப்பட்டது. ஒரு காகிதத்துக்கு அதன் அக்கம்பக்கத்துக் காகிதங்களே சாட்சி. தனியே கிடக்கும் ஓர் ஆணை, என்ன முடிவானது என்று மட்டும் சொல்லும். முன்னால் இருக்கும் மனு, யார் கேட்டார்கள் என்று சொல்லும். பின்னால் இருக்கும் குறிப்பு, யார் மறுத்தார்கள் என்று சொல்லும். வரிசையைக் கலைத்தால் ஒரு எழுத்துகூட அழியாது. ஆனால் சாட்சி போய்விடும்.

இந்தக் காகிதக் கடலில் வழி எப்படித் தெரிகிறது? இன்றைய அரசுக் கடிதம் எதையாவது எடுத்துப் பாருங்கள். ‘பார்வை’ என்று எழுதி, முந்தைய கடிதங்களின் எண்ணும் நாளும் வரிசையாக இருக்கும். பழைய ஆணைகளிலும் இதே ஏற்பாடு உண்டு. ஆண்டுக்கொரு அட்டவணைத் தொகுதியில் ஊர்ப்பெயரைப் பிடித்து ஒரே ஓர் ஆணையை அடைந்துவிட்டால் போதும். அது தனக்கு முந்தையதைக் காட்டும், அது இன்னொன்றைக் காட்டும். தேடுபொறி வருவதற்கு வெகுகாலம் முன்பே குமாஸ்தாக்கள் பேனாவால் பின்னிய வலை இது.

அடுத்த அதிசயம், காகிதத்தின் ஆயுளையும் அதன் தலையிலேயே எழுதிவிடுவது. மாவட்ட அலுவலகங்களில் ஒரு கோப்பு முடிந்ததும் அதற்கு ஒரு குறி விழும். ‘ஓ.மு.’ என்றால் ஓராண்டு முடிவு. ஓராண்டு வைத்திருந்து அழிக்கலாம். ‘மூ.மு.’ மூன்றாண்டு, ‘ப.மு.’ பத்தாண்டு. ‘ஆர்.டிஸ்.’ என்று விழுந்தால் நிரந்தரம். நாளைய வரலாற்றாசிரியருக்கு எது கிடைக்கும் என்பதில் பாதியை இந்தக் குறியைப் போடும் கை அன்றைக்கே தீர்மானித்துவிடுகிறது. எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள எந்தக் கட்டடமும் போதாது. எதை விடுவது என்று தெரிந்திருப்பதும் காப்பாளரின் கலைதான்.

இனி, வைத்துக்கொண்டதைக் காக்கும் கதை. 1792-இல் திப்பு சுல்தானோடு செய்த உடன்படிக்கையில் சேலமும் பாராமகாலும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தன. அலெக்சாண்டர் ரீட் கலெக்டரானார். தாமஸ் மன்றோ அவருக்கு உதவியாளர். நிலத்தை அளந்து, விளைச்சலையும் வரிகளையும் மக்களையும் பற்றி அவர்கள் எழுதிக் குவித்தவை ‘பாராமகால் ரெக்கார்ட்ஸ்’ என்ற பெயரில் 1907 முதல் பல பகுதிகளாக அச்சாயின.

அந்தக் காலத்து ஐரோப்பிய மை எதனால் ஆனது தெரியுமா? மாசிக்காயும் அன்னபேதியும். இரண்டும் இன்றும் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். மாசிக்காயின் துவர்ப்பும் அன்னபேதியில் உள்ள இரும்பும் சேர்ந்தால் மங்கலான ஒரு நீர்மம் வரும். எழுதிய பிறகு காற்றுப்பட்டு அது கன்னங்கரேலென்று மாறும். தாளின் நாருக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும். கழுவினாலும் லேசில் போகாது. ஆனால் அதிகமாகச் சேர்ந்த இரும்பும் கூடவே இருக்கும் அமிலமும், எழுத்து இருக்கும் இடத்திலேயே தாளை மெல்ல அரிக்கும். நூறு, இருநூறு ஆண்டுகளில் எழுத்து உதிர்ந்து, எழுத்து வடிவிலேயே ஓட்டை விழுவதும் உண்டு.

இதைக் கண்டுபிடிக்கும் சோதனை அழகானது. பாத்தோபினாந்த்ரோலின் என்ற வேதிப்பொருள் ஏற்றிய சிறு துண்டுத் தாளை லேசாக ஈரப்படுத்தி எழுத்தின் மேல் அரை நிமிடம் அழுத்துகிறார்கள். அலைபாயும் இரும்பு இருந்தால் துண்டு இளஞ்சிவப்பாகும். மருந்து அதைவிட வியப்பு: தானியங்களின் தவிட்டில் நிறைந்திருக்கும் ஃபைட்டிக் அமிலத்திலிருந்து செய்த ஓர் உப்பு. அது இரும்பைக் கவ்விப் பிடித்துச் செயலிழக்க வைக்கிறது. 1990-களில் நெதர்லாந்தில் இந்தச் சிகிச்சை உருவானது.

காகிதத்தில் பழையதுதான் முதலில் சாகும் என்று நினைப்போம். பெரும்பாலும் நடப்பது நேர்மாறு. ரீட் காலத்துத் தாள் கந்தல் துணியில் செய்தது; அதன் நார் நீளமானது, வலுவானது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் மரக்கூழ் வந்தது. மை ஊறிப் பரவாமல் இருக்கப் படிகாரமும் பைன் பிசினும் சேர்த்தார்கள். படிகாரம் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகிறது. காகிதத்தின் நார் செல்லுலோஸ் என்ற நீண்ட மூலக்கூறால் ஆனது. பனமரத்துப்பட்டித் தோட்டத்து அரளியை நீளச் சரமாகத் தொடுத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அமிலம் பூவைத் தொடாமல் நாரை மட்டும் அங்கங்கே வெட்டுகிறது. பூவெல்லாம் இருக்கும், சரம் இருக்காது. அதனால்தான் 1940-களின் செய்தித்தாள் மடிப்பில் பொடியாகிறது, 1790-களின் கணக்கு பதமாகப் புரள்கிறது.

அமிலத்தை முறிக்கச் சுண்ணாம்பு போதும். நீரில் கரையும் மையா என்று முதலில் பார்த்துவிட்டு, தாளைச் சுண்ணச்சத்துள்ள நீரில் நனைத்து எடுக்கிறார்கள். அமிலம் முறிவதோடு, இனி வரப்போகும் அமிலத்துக்கும் சேர்த்துக் கொஞ்சம் சுண்ணம் நாரில் தங்கிவிடும்.

கிழிசலை ஒட்டுவதைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். நாம் ஜெராக்ஸ் எடுக்கும் தாள் சதுர மீட்டருக்குச் சுமார் 75 கிராம். இவர்கள் ஒட்டும் ஜப்பானியத் தாளில் 5 கிராமும் அதற்குக் குறைவும் உண்டு. அதைக் கத்தரியால் வெட்டுவதில்லை. ஈரத் தூரிகையால் ஒரு கோடு இழுத்து, கோட்டோடு மெல்லப் பிய்க்கிறார்கள். ஓரத்தில் நார்கள் பஞ்சாக நீட்டிக்கொண்டிருக்கும். கோதுமை மாவுச்சத்துப் பசையைத் தொட்டு வைத்து வருடினால், அந்த நார்கள் பழைய தாளின் நாரோடு படிந்துகொள்ளும். பசை வெறும் மாவுச்சத்து என்பதில் ஒரு கொள்கை இருக்கிறது: நாளைக்கு இதைவிட நல்ல முறை வந்தால், நனைத்துக் கழற்றிவிட வேண்டும். போன நூற்றாண்டில் பிளாஸ்டிக் ஏடு வைத்து லேமினேட் செய்வது உலகமெங்கும் நவீன முறையாக இருந்தது. அந்தப் பிளாஸ்டிக்கே முதுமையடையும்போது அமிலத்தைக் கக்கியது. கழற்ற முடியாத எதையும் நம்பக் கூடாது என்று காப்பாளர்கள் கற்ற பாடம் அது.

அரசு எழுதாததை யார் காப்பது? சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் காலத்துச் சினிமாப் பாட்டுப் புத்தகம், நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை எதற்கும் ஆணை எண் கிடையாது. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் என்ற ஓவியர் தம் வாழ்நாளெல்லாம் இவற்றைச் சேர்த்தார். ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகள். 1992-இல் அவர் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரத்தை வாங்கி, கடல் கடத்தாமல் சென்னையிலேயே வைத்தது. 1994 முதல் அது ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். பழந்தாள் மேல் ஒருவர் வைத்த ஆசை ஒரு மொழியின் நினைவாகவே மாறிவிட்டது.

காகிதத்தின் ஆயுள், நாரில் பாதி, இருக்கும் இடத்தில் பாதி. உங்கள் வீட்டுப் பெட்டியில் தாத்தா காலத்துப் பத்திரமோ பட்டாவோ இருந்தால் லேமினேட் செய்ய வேண்டாம், செல்லோடேப் ஒட்ட வேண்டாம், ரப்பர் பேண்ட் போட வேண்டாம். வெயிலும் ஈரமும் படாத இடத்தில், மடிப்பைப் பிரித்து வையுங்கள். எதோடு எது சேர்ந்து கிடந்ததோ அப்படியே கிடக்கட்டும். யார் வைத்திருந்தார்கள், எப்போது உங்கள் கைக்கு வந்தது என்று தனித் துண்டில் பென்சிலால் எழுதி உடன் வையுங்கள். எழும்பூரில் நடக்கும் வேலையின் சாரம் இவ்வளவுதான்; அதைச் செய்யப் பட்டம் தேவையில்லை.