கொலைக் கணக்கும் தூக்குக் கயிறும்

கொலையாளியைத் தூக்கிலிடாவிட்டால் நாட்டில் கொலைகள் பெருகிவிடும் என்பது மரண தண்டனையை ஆதரிப்போர் நெடுங்காலமாக முன்வைத்துவரும் வாதம். இது அறம் பற்றிய கூற்று அன்று. கணக்கெடுத்துச் சோதித்துப் பார்க்கத்தக்க கூற்று. அத்தகைய சோதனை ஒன்று தமிழகத்தின் தென்மேற்கு எல்லையிலேயே நடந்தேறியது என்பதைப் பலர் அறியார்.

இராஜபாளையத்திலிருந்து தென்காசி செல்லும் வழியில், சேத்தூரை அடுத்து மலையடிவாரத்தில் அமைந்துள்ள ஊர் தேவதானம். அதற்கு மேற்கேயுள்ள மலைத்தொடர்தான் அன்றைய சென்னை மாகாணத்தையும் திருவிதாங்கூர் சமஸ்தானத்தையும் பிரித்து நின்றது. தெற்கே தென்காசியைத் தாண்டியதும் வரும் செங்கோட்டை, 1956 நவம்பர் 1இல் தமிழகத்தோடு இணையும்வரை மலையாள நாட்டு ஆட்சியின்கீழ் இருந்தது. தேவதானத்திலும் செங்கோட்டையிலும் மொழி ஒன்று. வேளாண்மையும் உறவுமுறைகளும் வரப்புச் சண்டைகளும் ஏறத்தாழ ஒன்றே. சட்டம் மட்டும் வேறாக இருந்தது.

திருவிதாங்கூரில் 1944ஆம் ஆண்டு, மன்னர் சித்திரைத் திருநாள் காலத்தில் மரண தண்டனை ஒழிக்கப்பட்டது. அப்போது திவானாக இருந்தவர் சர் சி. பி. இராமசாமி ஐயர். எல்லைக்கு இப்பால் சென்னை மாகாணத்திலோ நிலைமை நேர்மாறு. கொலைக்குத் தூக்கே வழக்கமான தண்டனை. நீதிபதி அதைவிடக் குறைந்த தண்டனை விதித்தால் அதற்கான காரணத்தை எழுத வேண்டும் என்ற விதி, 1955ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் வரை நீடித்தது. 1951இல் இந்தியத் தண்டனைச் சட்டம் முன்னாள் சமஸ்தானப் பகுதிகளுக்கும் விரிவாக்கப்பட்டபோது, தூக்குமேடை திருவிதாங்கூருக்குத் திரும்பியது.

அங்குப் பதிவான கொலைகள் எத்தனை? தூக்கு இல்லாதிருந்த 1945 முதல் 1950 வரையிலான ஆறு ஆண்டுகளில் 962. தூக்கு மீண்டும் வந்த 1951 முதல் 1956 வரையிலான ஆறு ஆண்டுகளில் 967. மரண தண்டனை பற்றிய இந்திய விவாதங்களில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் எண்கள் இவை.

இவற்றை நேர்மையோடு படிக்க வேண்டும். மக்கள்தொகை பெருகிவந்த காலம் அது. எனவே எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றாக இருந்தாலும் விகிதம் சற்றுக் குறைந்ததே என ஆதரிப்போர் வாதிடலாம். அவ்வாறாயின், முந்தைய ஆறு ஆண்டுகள் போர் முடிவையும் உணவுத் தட்டுப்பாட்டையும் 1946ஆம் ஆண்டுப் புன்னப்புர-வயலார் கிளர்ச்சியையும் கண்ட கொந்தளிப்பான ஆண்டுகள் என்பதையும் சேர்த்தே எண்ணவேண்டும். ஆக, இந்தக் கணக்கு நிறுவுவது ஒன்றைத்தான்: கயிற்றை அகற்றியதால் கொலை வெள்ளம் பெருக்கெடுக்கவில்லை, மீண்டும் மாட்டியதால் அது வற்றவும் இல்லை.

அடுத்தடுத்த நிலப்பகுதிகளை ஒப்பிடும் இம்முறையை அமெரிக்காவில் தோர்ஸ்டன் செல்லின் என்ற சமூகவியலறிஞர் 1959இல் விரிவாகக் கையாண்டார். தூக்கை ஒழித்த மாநிலத்திற்கும் அதை வைத்திருந்த அண்டை மாநிலத்திற்கும் கொலை விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாட்டை அவர் காணவில்லை. 1975இல் ஐசக் எர்லிக் என்ற பொருளியலறிஞர் இதை மறுத்து, ஒவ்வொரு தூக்கும் ஏழெட்டுக் கொலைகளைத் தடுத்திருக்கலாம் எனக் கணித்தார். நெடிய சர்ச்சைக்குப் பின், 2012இல் அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழு இத்தகைய ஆய்வுகள் அனைத்தையும் பரிசீலித்து, மரண தண்டனை கொலையைக் குறைக்கிறது என்றோ கூட்டுகிறது என்றோ அவற்றைக் கொண்டு முடிவு செய்யக்கூடாது என அறிவித்தது.

இந்தியாவின் அண்மைக்கால நிலை என்ன? 1992இல் இலட்சம் பேருக்கு 4.6 ஆக இருந்த கொலை விகிதம் 2013இல் 2.7 ஆகக் குறைந்தது. 2022இல் தேசியக் குற்றப் பதிவேட்டு நிறுவனம் பதிவு செய்த கொலைகள் 28,522, விகிதம் 2.1. நாடு முழுவதிலும் 2004 முதல் 2020 வரை தூக்கிலிடப்பட்டோர் எண்மரே. தமிழகத்தில் 1995 ஏப்ரலில் சேலம் மத்தியச் சிறையில் ஆட்டோ சங்கர் தூக்கிலிடப்பட்டபின் எவரும் தூக்கிலிடப்படவில்லை. தூக்கு அரிதான காலத்திலேயே கொலை குறைந்திருக்கிறது.

தூக்கு அரிதானதால்தான் கொலை குறைந்தது என்று சொல்லிவிடவும் முடியாது. சாலையும் மருத்துவமும் பெருகியதால், முன்பு கொலையாக முடிந்திருக்கும் வெட்டுக்காயம் இன்று கொலை முயற்சி வழக்காக நின்றுவிடுகிறது. 2022ஆம் ஆண்டுக் கொலைகளில் 9,962 தகராறுகளால் விளைந்தவை. ஆத்திரத்தில் அரிவாளை எடுப்பவன் சட்டப் பிரிவை எண்ணிப் பார்ப்பதில்லை. திட்டமிட்டுக் கொல்பவனோ பிடிபடமாட்டோம் என்றே நம்புகிறான். விசாரணை முடிந்த கொலை வழக்குகளில் பாதிக்கும் குறைவானவற்றிலேயே தண்டனை கிடைக்கும் நாட்டில் அந்நம்பிக்கை முற்றிலும் பொய்யானதன்று. தண்டனையின் கடுமையைவிட அதன் உறுதிப்பாடே குற்றத்தைத் தடுக்கும் என்பதை இங்கு உணரலாம்.

எண்கள் கயிற்றுக்குச் சான்று கூற மறுத்தபின் எஞ்சுவது நீதியின் வாதம்: உயிரைப் பறித்தவன் உயிரை இழப்பதே முறை என்பது. முஸ்லிம்களுள் பலர் இவ்விடத்தில் கிஸாஸ் சட்டத்தை எடுத்துக்காட்டுவர். திருக்குர்ஆன் கிஸாஸை விதிக்கிறது; அதில் மனித சமுதாயத்திற்கு வாழ்வு இருப்பதாகவும் உரைக்கிறது. இதில் ஐயமில்லை. ஆனால் அல்பகறா அத்தியாயத்தின் அதே இடத்தில்தான், கொல்லப்பட்டவரின் வாரிசு மன்னிப்பதற்கும் ஈட்டுத்தொகை பெறுவதற்கும் வழி திறந்திருக்கிறது. இறைவன் அதனைச் சலுகை என்றும் அருள் என்றும் குறிப்பிடுகிறான். சான்றில் சந்தேகம் எழுந்தால் தண்டனையைத் தவிர்க்க வேண்டும் என்பது ஃபிக்ஹு அறிஞர்கள் பேணிய விதி.

இந்தியச் சட்டத்தில் தூக்கு உண்டு. மன்னிக்கும் உரிமை கொலையுண்டவரின் குடும்பத்திற்கு இல்லை. கருணை மனுவை ஏற்பதும் மறுப்பதும் அரசின் பொறுப்பு. குடும்பத்திற்கான இழப்பீட்டுத் திட்டம் 2009ஆம் ஆண்டின் இறுதியில்தான் சட்டத்தில் தனி இடம் பெற்றது. அதுவும் குற்றவாளியின் பொறுப்பன்று, அரசின் நிதி. எனவே கிஸாஸின் பெயரால் இன்றைய தூக்குமேடையை ஆதரிப்போர், அச்சட்டத்தின் ஒரு முனையை மட்டும் பற்றி, மன்னிப்பையும் ஈட்டையும் சான்றின் கண்டிப்பையும் கைவிட்டவர்களாகின்றனர்.

சான்றின் கண்டிப்பு எத்துணை முக்கியம் என்பதற்கு நம் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளே சாட்சி. மகாராட்டிரக் கொலை வழக்கொன்றில் 2009இல் ஆறு பேருக்கு மரண தண்டனையை நிலைநாட்டிய அந்நீதிமன்றம், 2019 மார்ச்சில் அதே அறுவரையும் குற்றமற்றோர் எனக்கண்டு விடுவித்து, ஒவ்வொருவருக்கும் ஐந்து இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. இடைப்பட்ட பத்தாண்டுகளில் அவர்கள் தூக்கிலிடப்பட்டிருந்தால் அத்தீர்ப்பை யாரிடம் வாசித்துக் காட்டுவது? தில்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் 2016இல் வெளியிட்ட ஆய்வின்படி, மரண தண்டனைக் கைதிகளில் நான்கில் மூன்று பங்கினர் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள். நல்ல வழக்கறிஞரை அமர்த்த வசதியற்றவன் கழுத்தையே கயிறு பெரிதும் தேடுகிறது.

1967இல் மரண தண்டனை நீடிக்க வேண்டும் எனப் பரிந்துரைத்த இந்தியச் சட்ட ஆணையம், 2015இல் நீதிபதி ஏ. பி. ஷா தலைமையில், பயங்கரவாதமும் நாட்டுக்கு எதிரான போரும் நீங்கலாகப் பிற குற்றங்களுக்கு அதனை ஒழிக்கலாம் எனக் கூறியது. ஆயினும் 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்திலும் கொலைக்கு மரண தண்டனை நீடிக்கிறது. விவாதம் முடியவில்லை என்பதே இதன் பொருள். அதில் பங்கேற்போர், தூக்கு இல்லையேல் கொலை பெருகும் என்ற அச்சத்தை இனியும் ஆதாரமாகக் காட்ட இயலாது. திருவிதாங்கூர் அதைச் சோதித்துப் பார்த்துவிட்டது. எஞ்சியிருப்பவை வேறு கேள்விகள்: கொலையுண்டவரின் குடும்பத்திற்கு நாம் செய்யக் கடமைப்பட்டது என்ன? குற்றமற்ற ஒருவரைக்கூடக் கொன்றுவிடமாட்டோம் என எந்த நீதிமன்றம் உறுதி கூறும்?