கானகத் தலைமைப் பள்ளி

கானகத் தலைமைப் பள்ளி என்பது மாணவர்களையும் இளைஞர்களையும் காட்டினுள் நடைப்பயணமாக அழைத்துச் செல்லும் தென்னாப்பிரிக்க அமைப்பு ஆகும். வனக்காவலர் இயன் பிளேயர் (1927–2014) இதனை 1957 இல் நிறுவினார். இனவொதுக்கல் நிலவிய அக்காலத்தில், வெள்ளையரான பிளேயர் தம் ஆசானாக ஏற்றது மக்குபு இன்டொம்பேலா என்னும் சூலு இன வனக்காவலரை. இருவரும் இணைந்தே பயணங்களை நடத்தினர்.

குவாசூலு-நட்டால் மாகாணத்தின் இம்ஃபொலோசி காப்பகத்தில், வண்டிச் சாலைகள் இல்லாத பகுதியில் இப்பயணங்கள் பல நடைபெறுகின்றன. துப்பாக்கி ஏந்திய வழிகாட்டிகள் உடன் செல்வர். கைக்கடிகாரம், கைப்பேசி ஆகியன கொண்டுசெல்லப்படுவதில்லை. இரவில் ஒவ்வொருவரும் முறைவைத்துத் தனியே விழித்திருந்து, தீ அணையாமல் பார்த்துக்கொண்டு, உறங்குவோரைக் காக்க வேண்டும். சிங்கமோ யானையோ நெருங்கினால் வழிகாட்டியை எழுப்புவது காவலிருக்கும் மாணவரின் பொறுப்பு. பயணத்தின் கடினமான பாடம் இதுவே எனலாம். காலையில் தீ மூட்டிய தடமும் அழிக்கப்படுகிறது.