அடுப்படி வரலாறு – 8: ஊரில் இல்லாதவருக்காக ஒரு பானை

ஈரானிய வீடுகளில் கொர்மே சப்ஸியைப் பாட்டி காலத்துச் சொத்தாகவே போற்றுகிறார்கள். கொத்தமல்லி, பார்ஸ்லி, வெங்காயத்தாள், வெந்தயக்கீரை எல்லாவற்றையும் பொடியாக நறுக்கிக் கரும்பச்சையாகும்வரை எண்ணெயில் வதக்கி, ஆட்டிறைச்சியும் உலர்ந்த எலுமிச்சையும் சேர்த்து மணிக்கணக்கில் வேகவிடும் குழம்பு அது. அதில் சேரும் ராஜ்மாவோ அமெரிக்கக் கண்டத்துப் பயிர். கொலம்பஸின் பயணத்துக்கு முன் எந்த ஈரானியரும் அதைக் கண்டதில்லை. சிலர் ராஜ்மாவுக்குப் பதிலாகப் போடும் உருளைக்கிழங்கும் அங்கிருந்து வந்ததுதான். உடன் பரிமாறும் சோற்றைப் பாதி வெந்ததும் வடித்து, மூடியில் துணி சுற்றித் தம் போட்டு, அடியில் தஹ்திக் என்னும் பொன்னிறப் பொருக்கை முறுகவிடுவார்கள். அந்தச் சோறும் காஸ்பியன் கரையிலுள்ள கீலான், மாசந்தரான் பகுதிகளுக்கு வெளியே நெடுங்காலம் வசதியானவர்களின் உணவாகவே இருந்தது. எளியவர்கள் ரொட்டியை நம்பி வாழ்ந்தார்கள். பிறகு எதைக் குடும்ப மரபு என்பது என்ற கேள்வி நியாயமானதே.

பொருள்களின் வயதைக் கணக்கிட்டு இதற்குப் பதில் காண முடியாது. பழைய நூல்களும் உதவுவதில்லை. பாவர்ச்சி பக்தாதி 1521-இல் எழுதிய 'கார்நாமே' சஃபவி அரசர்கள் காலத்து மேட்டுக்குடிச் சமையலைப் பேசும் நூல்; சாதாரண வீட்டு அடுப்பை அதில் தேடிப் பயனில்லை. எந்த நாளில், யாருக்காக, எதைச் சமைப்பது என்ற ஏற்பாட்டில்தான் குடும்பத்தின் பிடி இருக்கிறது என்பேன். நவ்ரோஸ் புத்தாண்டுக்குக் கீரைச் சோறும் மீனும். ஆண்டின் மிக நீண்ட இரவான யல்தாவுக்கு மாதுளையும் தர்ப்பூசணியும். இவற்றைவிட வலுவான சான்று ஆஷே போஷ்தே பா. வீட்டில் ஒருவர் நெடும்பயணம் புறப்பட்டால், வழக்கமாக மூன்றாம் நாள், நூடுல்ஸ் போன்ற ரெஷ்தேயும் பயறுகளும் கீரையும் சேர்த்துக் ஆஷ் என்னும் கெட்டியான சூப் காய்ச்சுகிறார்கள். போனவர் நலமாகத் திரும்பவேண்டும் என்பது வேண்டுதல். அதை உறவினரும் அண்டை வீட்டாரும் உண்பார்கள். யாருக்காகக் காய்ச்சினார்களோ அவருக்கு ஒரு கரண்டிகூடக் கிடைக்காது. ருசியோ பசியோ மட்டுமே காரணமென்றால் இந்தப் பானை அடுப்பேறியிருக்காது.

இந்த ஏற்பாடு முழுவதும் பெண்களின் உழைப்பின்மீது நிற்கிறதே என்று கேட்கலாம். உண்மைதான், நவ்ரோஸுக்காக முளைவிட்ட கோதுமையின் சாற்றில் செய்யும் சமனு என்னும் களியை விடிய விடியக் கிளறுபவர்கள் பெரும்பாலும் பெண்களே. அதனால்தான் நறுக்கி வறுத்து உறையவைத்த கீரை இன்று கடையில் கிடைப்பதை இழப்பாக நான் கருதவில்லை. கீரை ஆய்ந்த மணிநேரங்கள் குறைந்தாலும் நவ்ரோஸ் நவ்ரோஸாகவே வருகிறது. 1979 புரட்சியையொட்டி நாட்டைவிட்டு வெளியேறிய நஜ்மியே பத்மாங்கிலிஜ், 1986-இல் அமெரிக்காவில் 'ஃபுட் ஆஃப் லைஃப்' என்ற சமையல் நூலை வெளியிட்டபோது செய்முறைகளோடு நிறுத்தவில்லை. நவ்ரோஸ், யல்தா, திருமணம் முதலிய சடங்குகளையும் அதே நூலில் விளக்கினார். புலம்பெயர்ந்த குடும்பங்கள் சமையலை அந்த நாள்களோடு சேர்த்தே தங்கள் பிள்ளைகளுக்குக் கற்றுத் தருகின்றன.